தெளிவாகக் கேட்ட ஒரு சொல்

நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்த வேலை எனக்கு ஒத்துவந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இதில் பேசுவது எப்போதும் எதிர்ப்பக்கம்தான். நான் கேட்டு அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்கேன் சென்டர்களில் டாக்டர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே ரிப்போர்ட்டை வாயால் சொல்வார்கள். அந்தக் குரல் பதிவாகி என் கம்ப்யூட்டருக்கு வரும். நான் இங்கிலீஷில் அடித்து அனுப்பினால், அங்கே அச்செடுத்து டாக்டர் கையெழுத்துப் போட்டு நோயாளியிடம் கொடுப்பார்கள். நான் படித்தது தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ வரை. அதன் பிறகு பனியன் கம்பெனியில் சில வருஷம் தைத்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் காந்திபுரத்தில் ஒரு மாடியறையில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். அங்கே சேர்ந்த அன்றைக்கு எனக்கு நன்றாக வந்தது ஒன்றே ஒன்றுதான். மேஜைக்கு அடியில் ஒரு பெடல் இருக்கும். அமுக்கினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் அமுக்கினால் கொஞ்சம் பின்னால் போய் மறுபடி சொல்லும். தையல் மிஷினில் பழகிய கால் அதைச் சொல்லாமலே புரிந்துகொண்டது.

கை பழகுவது சீக்கிரம். சொற்கள்தான் பாடாய்ப் படுத்தும். ஒரு சொல் கேட்கும், ஆனால் என்னவென்று தெரியாது. முதல் எழுத்தே சந்தேகமாக இருக்கும். எஸ்ஸா, சியா, பியா, எழுத்தில் இருந்தும் வாயில் ஒலிக்காத பியா. ஒவ்வொன்றாகப் போட்டு அகராதியில் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லின் வாலைப் பிடித்துத் தேட வேண்டும். வீக்கம் என்றால் ஒரு வால், கட்டி என்றால் ஒரு வால். அதிலும் கிடைக்காவிட்டால் குரலை மெதுவாக ஓட விட்டுக் கேட்க வேண்டும். மெதுவாக ஓடும் மனிதக் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கும். புதிதில் நான் அதற்குப் பயந்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

அந்தக் காலத்தில் தேடிக் கண்டுபிடித்த சொற்களில் ஒன்று இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. மூளை ஸ்கேன் ஒன்றில் 'ஹிப்போகேம்பஸ்' என்று வந்தது. அகராதியில் தேடினால் கடல்குதிரை என்று போட்டிருந்தது. எதையோ தப்பாகத் தேடிவிட்டோம் என்று நினைத்தேன். சொல்லிக் கொடுத்த அக்காவிடம் கேட்டபோது, படத்தை எடுத்துக் காட்டினார். மூளையின் உள்ளே இரண்டு பக்கமும் சுருண்டு படுத்திருக்கும் சிறிய பகுதி. வாலைச் சுருட்டிக்கொண்ட கடல்குதிரை போலவே இருந்தது. "ஞாபகம் எல்லாம் இங்கதான் உக்காந்திருக்குதாம் அம்மணி. மறந்துறாதீங்க" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்த அக்காதான் இப்போது எங்களுக்கு மேல் இருந்து வேலை பிரித்துக் கொடுப்பவர்.

எல்லா வழியும் தீர்ந்த பிறகு கடைசியாக ஒரு வழி உண்டு. அதே டாக்டரின் பழைய ரிப்போர்ட்டுகளைத் திறந்து, அந்த இடத்தில் அவர் வழக்கமாக என்ன சொல்வார் என்று பார்ப்பது. ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு தடம் உண்டு. ஈரலைச் சொன்னதும் பித்தப்பை, அடுத்து கணையம் என்று அதே வரிசையில், அதே சொற்களில் போவார்கள். வண்டி ஹாரனில் ஒரு சொல் அமுங்கிப் போனாலும் தடத்தைப் பிடித்து அதை எடுத்துவிடலாம். டாக்டர் வாய் தவறி இடது என்பதற்கு வலது என்று சொல்லித் திருத்தினால், திருத்தியதை மட்டும் அடிப்போம். இருமல், தடுமாற்றம் எதுவும் தாளில் இருக்காது. இதிலும் கிடைக்காவிட்டால் ஒரு கோடு போட்டு இடம் விட்டு அனுப்ப வேண்டும். டாக்டர் பேனாவால் நிரப்பித் திருப்பி அனுப்புவார். கோடு போடுவதற்கு எங்களில் யாருக்கும் மனசு வராது. கோடில்லாத ரிப்போர்ட்தான் நல்ல ரிப்போர்ட் என்று பேர்.

கொரோனா வந்ததில் இருந்து வீட்டிலேயே வேலை. பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் லேத்துப் பட்டறை இருக்கிறது. வீட்டுக்காரருக்கு அங்கேதான் வேலை. அவர் காலையில் போய்விட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். அதுவரை வீட்டில் நானும் காதுக்குள் ஒரு குரலும் மட்டும்தான்.

அந்தக் குரல் பெரும்பாலும் ஒரே டாக்டருடையது. ஊருக்குள் ஒரு ஸ்கேன் சென்டரில் இருக்கும் வயதான டாக்டர். நான் அவரைப் பார்த்ததே இல்லை. நாங்கள் டாக்டர்களோடு நேரில் பேசக் கூடாது, எல்லாம் அக்கா மூலமாகத்தான். ஆனால் அவருக்குச் சளி பிடித்தால் அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இழுக்காமல், தடுமாறாமல், படித்துக் காட்டுவது போலச் சொல்வார். நோயாளி பக்கத்தில் படுத்திருக்கும்போதே சொல்வதால் பின்னணியில் ஏசி ஓடும் சத்தமும், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும் நர்சின் குரலும் கேட்கும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். மற்றவை யாவும் இயல்பாக உள்ளன. அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தணியும். ஒரு வேலையை நல்லபடியாக முடித்து வைப்பது போல இருக்கும்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு அவருடைய பதிவு ஒன்றில் எனக்குத் தெரியாத சொல் வந்தது. ஈரலின் அளவைச் சொன்னவர், அதன் தன்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'கொராண்டல்' என்றார்.

கொராண்டல். சத்தம் எதுவும் குறுக்கே இல்லை. முதல் எழுத்திலும் சந்தேகம் இல்லை. அகராதியில் இல்லை. மருந்துப் பட்டியலில் இல்லை. நெட்டில் தேடினால், நீங்கள் தேடுவது இதுவா என்று ஏதோ நகைக் கல்லைக் காட்டியது. மெதுவாக ஓட விட்டேன். கிணற்றுக் குரலிலும் கொராண்டல்தான். பழைய ரிப்போர்ட்டுகளில் அந்த இடத்தில் எப்போதும் 'சீரான அமைப்பு' என்றே சொல்லியிருந்தார். அதைப் போட்டு அனுப்பினேன். கையெழுத்தாகிவிட்டது.

அடுத்த வாரம் சிறுநீரகம் கொராண்டலாக இருந்தது. அதற்கு அடுத்து ஒரு பெண்ணின் தைராய்டு. தெரியாத சொல்லைத் தேடுவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அதுவரை தேடியதெல்லாம் எங்கோ இருக்கும் சொற்கள். நான் அறியாததாக இருந்தாலும், அறிந்தவர்கள் உலகத்தில் இருப்பார்கள். இந்தச் சொல்லை அவரைத் தவிர யாரும் சொன்னதில்லை. அதை அவர் மற்ற சொற்களைப் போலவே, தணிந்த, உறுதியான குரலில் சொன்னார். எனக்கு முதுகில் ஏதோ ஊர்வது போல இருந்தது அந்த உறுதியைக் கேட்டுத்தான்.

மாசி வந்தபோது அது வளர்ந்திருந்தது. பித்தப்பை என்ற சொல் போய், 'அந்தப் பை' என்றார். ஒரு நாள் கணையத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் நீண்ட நேரம் நின்றார். ஏசி மட்டும் ஓடியது. பிறகு கணையத்தையே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். நான் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தேன். எல்லாம் கோடில்லாமல் போனது. அச்சில் பார்த்தால் அவர் முன்னைவிட நன்றாகச் சொல்வது போல இருந்தது.

அவருடைய வரிகளை அத்தனை முறை தேடித் தேடிப் பார்த்ததில் அவை எனக்கு மனப்பாடமாகிவிட்டன. ஒரு மத்தியானம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், அவர் சொல்லும் அதே ஏற்ற இறக்கத்தில் மண்ணீரலைப் பற்றி இங்கிலீஷில் முணுமுணுத்திருக்கிறேன். பின்னால் கைகழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் குழாயை நிறுத்தினார்.

"ஏம்புள்ள, ஊட்டுக்குள்ள டாக்டரு வந்திருக்கறாராட்ட இருக்குது?"

"நான்தானுங்க."

"நீயா? ஆம்பளக் கொரலாட்டக் கேட்டுது."

அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார். என் கை கத்தியோடு அப்படியே நின்றது. டாக்டரை விட்டுப் போகும் சொற்கள் எங்கே போகின்றன என்று அந்த நேரத்தில் தோன்றியது.

வால்பாறையில் இருந்து வந்திருந்த ஓர் அம்மாவின் பதிவு பங்குனி வெயிலில் ஒரு காலை நேரத்தில் வந்தது. டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"ஏனுங்க சார், ரிப்போர்ட்டு எப்பங்க கெடைக்கும்? நாங்க வால்பாறைக்குப் போவோணுமுங்க. எஸ்டேட்டு லயத்து ஊட்டுல புள்ளைகள உட்டுப்போட்டு வந்திருக்கறனுங்க."

"சித்தெ நேரம் படுங்கம்மா" என்றார் நர்ஸ்.

டாக்டர் நிறுத்தாமல் சொன்னார். ஈரலின் வலது பாகத்தில் ஒரு கொராண்டல் உள்ளது.

குதிகாலால் அமுக்கினேன். ஒரு கொராண்டல் உள்ளது. மறுபடி அமுக்கினேன்.

இதுவரை அந்தச் சொல் வந்த இடமெல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லும் இடம். இந்த முறை அந்த அம்மாவின் ஈரலில் அவர் எதையோ பார்த்திருக்கிறார். நீர்க்கட்டியா, சதைக் கட்டியா, சீழா, வேறு எதுவுமா. எந்தப் பழைய ரிப்போர்ட்டும் இதைச் சொல்லாது. அந்த அம்மா பஸ் ஏறிப் போகலாமா கூடாதா என்பதே அந்த ஒரு சொல்லில் இருந்தது.

கோடு போட்டேன். அனுப்பிய உடனே அக்கா கூப்பிட்டார்.

"என்ன அம்மணி, நீங்களே கோடு போட்டுப்போட்டீங்க? இன்னைக்கு மழ வருமாட்ட இருக்குது."

"அக்கா, இதச் சித்தெக் கேளுங்க." போனை ஸ்பீக்கரின் அருகில் வைத்து ஓட விட்டேன்.

அக்கா இன்னொரு முறை ஓட விடச் சொல்லிக் கேட்டார். "புது வியாதியா இருக்குமுங்களா?" என்றார். பிறகு அவரே, "சரி உடுங்க. டாக்டரே பேனாவுல எழுதிருவாரு" என்றார்.

எழுதித்தான் அனுப்பினார். தாளைப் படம் எடுத்துச் சென்டரில் இருந்து அனுப்பியிருந்தார்கள். நான் போட்ட கோட்டின் மேல், நிதானமான, சாய்ந்த கையெழுத்து. ஓர் எழுத்துகூட நடுங்கவில்லை. கொராண்டல்.

பட்டறையில் லேத்து சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். எனக்குக் கேட்கவில்லை. அதுவரை அந்தச் சொல் குரலாக மட்டும் இருந்தது. அன்றுதான் அதற்கு எழுத்து இருப்பதைப் பார்த்தேன். இவ்வளவு நாளாக அதை நான் யார் கண்ணிலும் படாமல் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவர் கண்ணிலும் பட்டிருக்காது.

அக்காவைக் கூப்பிட்டேன். "இப்படி ஒரு சொல்லு இல்லீங்க அக்கா."

"டாக்டரே எழுதிக் குடுத்தா நாம என்னங்க பண்றது? அடிச்சு அனுப்பீருங்க. அந்தப் பொம்பள பஸ்ஸுக்கு நிக்குதாம்."

"அடிக்கலீங்க."

என் வாயில் இருந்து ஒரு மறுப்பு வந்ததில் அக்காவுக்கும் ஆச்சரியம்தான். போனை வைத்துவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லும் தைரியம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. எனக்குத் தெரிந்தது கோடு போடுவது மட்டும். அன்று காலை வந்திருந்த அவருடைய மற்ற பதிவுகளையும் திறந்தேன். எதையும் நிரப்பவில்லை. அவர் சொன்னதை அடித்தேன், சொல்லாத இடத்தில் கோடு போட்டேன். கொராண்டல் வந்த இடமெல்லாம் கோடு. நின்ற இடமெல்லாம் கோடு. முடித்துப் பார்த்தபோது தாளில் எழுத்தைவிடக் கோடு அதிகமாகத் தெரிந்தது. வால்பாறை அம்மாவின் ரிப்போர்ட்டையும் கோட்டோடு மேலே வைத்து எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பினேன்.

மத்தியானத்துக்குள் தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தது.

"ஏனுங்க அம்மணி, டாக்டர் பேசறனுங்க."

எழுந்து நின்றுவிட்டேன். வருஷக்கணக்காக என் காதுக்குள் இருந்த குரல். அது என்னைப் பார்த்துப் பேசும் என்று நான் நினைத்ததே இல்லை. குதிகாலால் தரையை அமுக்கிக்கொண்டிருந்தேன், மறுபடி சொல்லட்டும் என்று.

"இருக்கறீங்களா?"

"இருக்கறனுங்க."

"இந்தத் தாளெல்லாம் நான் சொன்ன மாதிரியே அடிச்சதுங்களா?"

"ஆமாங்க."

"எத்தன நாளாங்க இப்படி?"

"பொங்கலுக்கு முன்னாடி இருந்துங்க."

"அப்புறம் எனக்கு வந்ததெல்லாம் சுத்தமாத்தான இருந்துது?"

"உங்க பழசெப் பாத்துப் போட்டனுங்க. உங்க சொல்லுத்தானுங்க எல்லாம்."

ஏசி ஓடும் சத்தம் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஏசி. "சந்தேகம் வந்தா நான் ரிப்போர்ட்ட எடுத்துப் படிப்பனுங்க" என்றார் மெதுவாக. "ஒரு கொறையும் இருக்காது. நல்லாத்தான இருக்கறோம்னு கையெழுத்துப் போட்டுருவேன்." பிறகு கேட்டார். "அந்தக் கோடு இருக்கற எடத்துல நான் என்னதானுங்க சொன்னேன்?"

"கொராண்டல்னு சொன்னீங்க."

"ஆமா. அது சரிதானுங்களே?"

சின்னப் பிள்ளையிடம் கேட்பது போல, அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். வெளியே நல்ல வெயில். ஜன்னல் கம்பியில் கை வைத்திருந்தேன், கம்பி சுட்டது, ஆனால் எனக்குக் குளிர்ந்தது.

"அப்படி ஒண்ணு இல்லீங்க டாக்டர்."

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "சரிங்க" என்றார். "இனிமேல் நெரப்பாதீங்க. கோடே போடுங்க." வைக்கப்போனவர் திரும்ப வந்து, "அந்த வால்பாறை அம்மாவ அனுப்பல. இங்கயே உக்கார வெச்சிருக்கறேன். வேற டாக்டரு வந்து மறுபடி பாத்துக் குடுப்பாரு. பயந்துக்காதீங்க" என்றார்.

சாயங்காலம் அக்கா சொன்னார். வேறு டாக்டர் பார்த்ததில் அது சீழ்க்கட்டி. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஊருக்குப் போகவிட்டிருந்தால் மலையில் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவருடைய பதிவுகள் நின்றன. புது டாக்டரின் இளம் குரல் வந்தது. வேகமாக, சொற்களை விழுங்கிப் பேசும் குரல். அதில் தேடிப் பிடிக்க நிறைய இருந்தது. எல்லாம் உலகத்தில் இருக்கும் சொற்கள். நிம்மதியாகத் தேடினேன்.

வைகாசியில் ஒரு நாள் பழைய டாக்டரின் அடையாளத்தோடு ஒரு பதிவு வந்தது. மூளை ஸ்கேன். பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. வயது எழுபதை ஒட்டி, ஆண் என்று மட்டும் இருந்தது. பெடலை அமுக்கினேன்.

மெதுவாகச் சொன்னார். ஒவ்வொரு சொல்லையும் கையால் தொட்டுப் பார்த்து எடுப்பது போல இருந்தது. இந்த முறை நோயாளியின் மூச்சுச் சத்தம் இல்லை, நர்ஸ் இல்லை. அறையில் அவர் மட்டும். சில இடங்களில் நின்றார், கோடு போட்டேன். மூளை சுருங்கியிருப்பதை அளவோடு சொன்னார். இரண்டு பக்கமும், உள்ளே என்று ஆரம்பித்தவர் அங்கே நின்றுவிட்டார். நாற்காலி ஒரு முறை முனகியது. ஏசி ஓடியது. பிறகு இங்கிலீஷை விட்டுவிட்டுப் பேசினார்.

"அம்மணி, நீங்கதான அடிப்பீங்க? இது என்ற படந்தானுங்க. நானே பாத்துச் சொல்லிப்போடலாம்னுதான் கேட்டு வாங்குனேன். இந்த எடத்துக்குப் பேரு வருல பாருங்க. உள்ளுக்குள்ள, ரெண்டு பக்கமும், கடல்குதிரையாட்டச் சுருண்டுக்கிட்டு இருக்குமே. இது சின்னதாப் போச்சுங்க. இத மட்டும் நீங்க போட்டுருங்க."

எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. ஹிப்போகேம்பஸ் என்று அடித்தேன். அவருடைய பழைய ரிப்போர்ட்டுகளில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும், 'இயல்பான அளவு' என்ற வரியும் எனக்குத் தெரியும். அதைத் தொடவில்லை.

பெடலில் கால் இருந்தது. அவர் மீண்டும் இங்கிலீஷுக்கு வந்தார். கடைசி வரியைச் சொல்லப்போகிறார் என்பது குரல் தணிந்ததிலேயே தெரிந்தது. வேலையை நல்லபடியாக முடித்து வைக்கும் அதே குரல். எந்தத் தடுமாற்றமும் இல்லை.

மற்றவை யாவும் கொராண்டல்.

அங்கே கோடு போட்டேன். பதிவு முடியவில்லை. நிறுத்த மறந்துவிட்டார் போல. ஏசி ஓடிக்கொண்டே இருந்தது, அதற்குள் அவர் மூச்சு விடுவது கேட்டது. காலை எடுத்தால் அது நின்றுவிடும். வீட்டுக்காரர் சாப்பிட வந்து கதவைத் தட்டும் வரை நான் காலை எடுக்கவில்லை.